எங்கே அந்தக் குழந்தைகள்?

சத்துணவு ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானி. அவருடைய கட்டுரைகளை நூற்றுக்கணக்கானவர்கள் மேற்கோள் காட்டினார்கள். அந்தக் கட்டுரைகளில் வரும் குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு நர்ஸுக்கு மட்டும் கணக்கு உதைத்தது.

1980களின் இறுதி. கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலை ஒட்டி இருக்கும் செயின்ட் ஜான்ஸ் நகரம். மேரிலின் ஹார்வி என்ற நர்ஸுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பிறந்த குழந்தைகளைத் தேடிப் பிடிப்பது. எல்லாக் குழந்தையும் ஆகாது. பெற்றோருக்கு அலர்ஜி இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குடும்பத்தைக் கண்டுபிடித்து, ஆய்வைப் பற்றிப் பொறுமையாகச் சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். அதன் பிறகுதான் குழந்தைக்கு எந்த டின் பால் என்பது முடிவாகும். பிறகு மாதக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும்: கன்னத்தில் கரப்பான் வந்திருக்கிறதா, முழங்கை மடிப்பு தடித்திருக்கிறதா, மூச்சு இழுக்கிறதா? ஒவ்வொன்றையும் குழந்தையின் தாளில் குறிக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கில் குழந்தைகள் தேவை. அவ்வளவு பேர் எளிதில் சிக்கவில்லை. ஹார்வி இன்னும் தேடிக்கொண்டே இருந்தார். சேர்க்க வேண்டிய குழந்தைகளையே சேர்த்து முடிக்காத நிலையில், ஆய்வின் முடிவுகள் அச்சில் வந்துவிட்டதைப் பார்த்தார். இத்தனை குழந்தைகள், இத்தனை பேருக்கு அலர்ஜி, இந்தப் பாலே சிறந்தது என்று எல்லாம் முடிந்த கதையாக இருந்தது.

தான் பார்க்காத அந்தக் குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று அவர் கேட்டார். உலகம் ஒப்புக்கொள்ளும் பதில் கிடைக்க ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது.

பெயர் சொன்னால் போதும்

ஆய்வின் தலைவர் ரஞ்சித் குமார் சந்திரா. இந்தியாவில் பிறந்து, மருத்துவம் படித்து, டெல்லி எய்ம்ஸில் பணியாற்றிவிட்டு 1974-ல் கனடா போனவர். செயின்ட் ஜான்ஸில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சத்துக்குறைவான குழந்தையின் உடலில் நோய் எதிர்ப்பு சக்தி எப்படிச் சரிகிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே எழுதியவர். சத்துணவையும் நோய் எதிர்ப்பு சக்தியையும் இணைத்துப் பார்க்கும் துறைக்கே அவர்தான் தந்தை என்று கொண்டாடினார்கள். வெளியிட்ட கட்டுரைகள் இருநூற்றுக்கு மேல். ‘நியூட்ரிஷன் ரிசர்ச்’ என்ற ஆய்விதழைத் தொடங்கி, தானே ஆசிரியராகவும் இருந்தார். 1989-ல் கனடா அரசு ‘ஆர்டர் ஆஃப் கனடா’ விருது கொடுத்தது. நோபல் பரிசுக்கு இரண்டு முறை தன் பெயர் பரிந்துரைக்கப்பட்டதாக அவரே சொல்லிக்கொண்டார். நோபல் பரிந்துரைகள் 50 ஆண்டுகளுக்கு ரகசியமாக வைக்கப்படுபவை. அதை யாராலும் சரிபார்க்க முடியாது.

இப்படி ஒருவர்மீது ஒரு நர்ஸ் புகார் சொன்னால் எடுபடுமா? ஹார்விக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆனாலும் 1990களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திடம் போய்ச் சொன்னார்.

பெட்டிச் செய்தி: சைட்டேஷன் என்றால் என்ன?

ஒரு ஆய்வாளர் தன் கட்டுரையில் இன்னொருவரின் கட்டுரையைக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள், அதாவது சைட்டேஷன். இவற்றை எண்ணித் தொகுக்கும் வேலையை அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட் 1960களில் தொடங்கினார். தேவையான பழைய கட்டுரைகளைத் தேடிப் பிடிக்கத்தான் அந்த அட்டவணை உருவானது. ஆளை எடைபோடும் கருவியாக அது பின்னர் மாறியது.

2005-ல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் ஹெச்-இண்டெக்ஸ் என்ற அளவைக் கொண்டுவந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 20.

பாராட்டி எழுதினாலும் மறுத்து எழுதினாலும் கணக்கில் ஒன்றுதான். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினாலும் பல பட்டியல்களில் அதுவும் ஒன்றுதான். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை, அது தெரியாமல் யாராவது காட்டினாலும் எண்ணிக்கை கூடும்.

எழுதினார்கள், பூட்டினார்கள்

பல்கலைக்கழகம் விசாரணைக் குழு போட்டது. குழுவினர் மூலத் தரவுகளைக் கேட்டார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் என்ன ஆயிற்று என்று குறித்த தாள்கள் அவை. கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆய்வில் கணிசமான வேலையைத் தான் செய்ததாகச் சொல்லும் ஒருவரையும் குழுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. சந்திரா ஆராய்ச்சி முறைகேடு செய்திருக்கிறார் என்று 1995-ல் குழு எழுதிக் கொடுத்தது.

பல்கலைக்கழகம் அந்த அறிக்கையை வெளியிடவில்லை. குழு ஒருதலைப்பட்சமானது என்று சந்திரா எதிர்த்தார், வழக்குப் போடுவதாகவும் எச்சரித்தார். பல்கலைக்கழகம் அத்தோடு விட்டுவிட்டது. கட்டுரைகளை அச்சிட்ட ஆய்விதழ்களுக்கும் சொல்லவில்லை, தங்கள் பிள்ளைகளை ஆய்வுக்குக் கொடுத்த பெற்றோருக்கும் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் மையம் இதுதான். தவறு செய்பவர் எந்தத் துறையிலும் இருப்பார். தவறு என்று எழுத்தில் தெரிந்த பிறகும் ஒரு நிறுவனம் வாய் மூடியிருந்தால் அடுத்து நடப்பதற்கெல்லாம் அந்த நிறுவனமும் பொறுப்பு.

அடுத்து நடந்தவை சிறிய விஷயங்கள் அல்ல. சந்திரா அதே பதவியில் தொடர்ந்தார். அதே ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்தார். அவருடைய கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

தாத்தா பாட்டிகளின் 48 நாட்கள்

குழந்தைகளோடு அவர் நிற்கவில்லை. 1992-ல் ‘லான்செட்’ இதழில் முதியவர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 96 பேர். பாதிப் பேருக்கு வைட்டமின், தாதுச்சத்து மாத்திரை. மீதிப் பேருக்கு ஒப்பீட்டு மாத்திரை. சத்து மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 23 நாட்கள்தான் தொற்று நோயில் படுத்தார்கள், மற்றவர்கள் 48 நாட்கள் படுத்தார்கள் என்றது முடிவு. நோய் பாதியாகக் குறைகிறது! உலகம் முழுக்க இந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள்.

அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 48 என்ற சராசரிக்குப் பக்கத்தில் திட்ட விலக்கம் 7 என்று இருந்தது. எளிய பேச்சில் சொன்னால், அந்தக் குழுவில் இருந்த கிட்டத்தட்ட எல்லோருமே 34 நாளுக்கும் 62 நாளுக்கும் நடுவில்தான் நோயில் படுத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பார்த்தால் போதும். ஒருவர் வருடம் முழுக்கத் தும்மல்கூட இல்லாமல் இருப்பார், இன்னொருவர் மழைக்காலம் வந்தாலே இரண்டு மாதம் எழுந்திருக்க மாட்டார். நோய் ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு பிரித்து வராது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கட்டுரையின் சுருக்கத்தை ஒரு முறை கவனமாகப் படித்தால் போதும். மேற்கோள் காட்டிய பலர் அதைக்கூடச் செய்யவில்லை என்பதுதான் வேதனை.

2000-ல் இன்னொரு படி மேலே போனார். அந்த மாத்திரை முதியவர்களின் நினைவாற்றலையும் சிந்தனையையும் கூர்மையாக்குகிறது என்று ஒரு கட்டுரையை ‘பிஎம்ஜே’ எனப்படும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்கு அனுப்பினார். இந்த முறை சிக்கல். அங்கே சரிபார்த்த புள்ளியியலாளருக்குத் தரவே புனையப்பட்டதோ என்ற சந்தேகம் வந்தது. அப்போதைய ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்மித், விசாரிக்கும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டார். மறுபடியும் மூலத் தரவு கேட்கப்பட்டது, மறுபடியும் வரவில்லை. 2002-ல் சந்திரா பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்று வெளியேறினார். இதற்கிடையில், பிஎம்ஜே ஏற்காத அதே ஆய்வு 2001-ல் ‘நியூட்ரிஷன்’ என்ற வேறொரு இதழில் வெளியாகிவிட்டிருந்தது.

அங்கேதான் இரண்டு உளவியல் பேராசிரியர்கள் நுழைகிறார்கள்: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சால் ஸ்டெர்ன்பெர்க், பெர்க்லியின் சேத் ராபர்ட்ஸ். இருவருக்கும் சத்துணவுத் துறையோடு நேரடித் தொடர்பு இல்லை. எண்களோடு நல்ல பழக்கம் உண்டு. கட்டுரையில் இருந்த புள்ளிவிவரங்கள் நிஜத்தில் வரவே முடியாதவை என்று அவர்கள் எழுதினார்கள். சந்திராவின் முடிவுகளுக்கு ஆதரவாக அவர் நடத்திய ஆய்விதழிலேயே ஜெய்ப்பூர் முகவரியோடு ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர் என்று அச்சிடப்பட்ட பெயரில் அப்படி ஒரு ஆய்வாளர் உண்மையில் இருக்கிறாரா என்ற கேள்வியும் எழுந்தது. 2005-ல் ‘நியூட்ரிஷன்’ இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆய்வில் பயன்படுத்திய மாத்திரைக் கலவைக்குச் சந்திராவே காப்புரிமை வைத்திருந்ததும், அதை வாசகர்களிடம் மறைத்ததும் அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தன.

பெட்டிச் செய்தி: ஒரு புகாரின் பயணம்

1989: குழந்தை அலர்ஜி பற்றிய சந்திராவின் கட்டுரை பிஎம்ஜே இதழில் வெளியாகிறது.
1995: முறைகேடு நடந்தது என்று பல்கலைக்கழகக் குழு முடிவு செய்கிறது. அறிக்கை வெளிவரவில்லை.
2005: ‘நியூட்ரிஷன்’ இதழ் 2001 கட்டுரையைத் திரும்பப் பெறுகிறது.
2006: கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசி இந்தக் கதையை மூன்று பகுதிகளாக வெளியிடுகிறது. குற்றச்சாட்டுகளை மறுத்த சந்திரா அவதூறு வழக்குத் தொடுக்கிறார்.
2015 ஜூலை: சிபிசி சொன்னது உண்மை என்று ஒன்டாரியோ நீதிமன்றத்தில் நடுவர் குழு தீர்ப்பளிக்கிறது. வழக்குச் செலவை சந்திரா கொடுக்க வேண்டும் என்று உத்தரவாகிறது.
2015 அக்டோபர்: பிஎம்ஜே, 1989 கட்டுரையைத் திரும்பப் பெறுகிறது. அதே ஆண்டின் இறுதியில் ‘ஆர்டர் ஆஃப் கனடா’ விருதும் பறிக்கப்படுகிறது.
2016: ‘லான்செட்’, 1992 கட்டுரையைத் திரும்பப் பெறுகிறது.

பால் டின்னில் ஏறிய வாசகம்

யாரோ ஒரு பேராசிரியர் எங்கேயோ ஒரு பேப்பரில் பொய் எழுதினால் நமக்கு என்ன?

1989-ல் பிஎம்ஜே வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, தாய்ப்பால் கொடுக்கும் அம்மா பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா ஆகியவற்றை விலக்கினால் குழந்தைக்குக் கரப்பான் வருவது பாதிக்கு மேல் குறையும். இரண்டு, புட்டிப்பால் கொடுப்பதானால் புரதத்தை உடைத்துத் தயாரித்த ஃபார்முலா பால், சாதாரண ஃபார்முலாவைவிட, சோயா பாலைவிட மிகவும் நல்லது.

முதல் செய்தியை ஒரு பிள்ளை பெற்ற பெண்ணின் இடத்தில் இருந்து யோசிக்க வேண்டும். பிரசவம் முடிந்து, ரத்தம் இழந்து, இரவு பகல் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் உடம்பு அது. அந்த உடம்புக்கு மலிவாகப் புரதம் தரும் எல்லாவற்றையும் வரிசையாக விலக்கச் சொல்கிறது கட்டுரை. அம்மாவைப் பட்டினி போட்டாவது பிள்ளையைக் காக்கலாம் என்ற எண்ணம் உலகின் பல சமூகங்களில் ஏற்கெனவே உண்டு. அதற்கு விஞ்ஞான முத்திரை கிடைத்தது. இந்த ஒரு கட்டுரைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அன்றைய அலர்ஜி மருத்துவத்தின் போக்கே அப்படித்தான் இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட 2000-ல், அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளின் தாய்மார்கள் வேர்க்கடலையைத் தவிர்க்கவும் முட்டை, பால், மீன் ஆகியவற்றை விலக்குவது பற்றி யோசிக்கவும் ஆலோசனை சொன்னது. 2008-ல் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதே சங்கம் மாற்றிச் சொன்னது. நடுவில் எட்டு ஆண்டுகள். தவிர்க்க வேண்டாத உணவைத் தவிர்த்த தாய்மார்கள் எத்தனை பேர் என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

இரண்டாவது செய்திக்குப் பின்னால் பெரிய சந்தை. நெஸ்லே, மீட் ஜான்சன், ராஸ் என்று மூன்று பெரிய பால் மாவு நிறுவனங்களுக்காக சந்திரா ஆய்வு நடத்தினார். அலர்ஜியைத் தடுக்கும் பால் என்ற ஒரு வரி டின்மேல் ஏறினால் போதும், பயந்துபோன பெற்றோர் என்ன விலை என்றாலும் வாங்குவார்கள். அந்த வரிக்காக நிறுவனங்கள் பல ஆண்டுகள் முயன்றன. நெஸ்லேயின் கோரிக்கையை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2006-ல் நிராகரித்தது. 2011-ல், கரப்பான் விஷயத்தில் மட்டும், ஆதாரம் மிகக் குறைவு என்ற குறிப்போடு ஒரு பலவீனமான வாசகத்துக்கு இடம் கொடுத்தது. 2014-ல், நெஸ்லேக்குச் சொந்தமான கெர்பர் நிறுவனம் அலர்ஜி தடுப்பு என்று விளம்பரம் செய்து பெற்றோரை ஏமாற்றுகிறது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே வழக்குத் தொடுத்தது.

2016-ல் ராபர்ட் பாய்ல் தலைமையிலான குழு இந்த வகைப் பால் பற்றிய 37 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, பிஎம்ஜே இதழிலேயே வெளியிட்டது. அலர்ஜியை இது தடுக்கிறது என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்பதே முடிவு. சந்திராவின் கட்டுரை வந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1989-ல் பிறந்த குழந்தைகளே பெற்றோராகும் வயது.

இந்தியாவில் 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டம், இரண்டு வயதுவரையிலான குழந்தைகளுக்கான பால் மாவு விளம்பரத்தை முழுவதுமாகத் தடை செய்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஆய்விதழில் வரும் கட்டுரையை யாரும் விளம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். அது மருத்துவரின் மேசைக்கு நேராகப் போகும். மருத்துவர் சொன்னால் அம்மா வாங்குவார். இந்த வழியைச் சட்டத்தால் அடைக்க முடியாது. கட்டுரை நேர்மையாக இருந்தால்தான் உண்டு.

திருச்சிக் கிராமங்களில் வாரம் ஒரு சொட்டு

எந்தப் பேப்பரைத்தான் நம்புவது என்று அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே காலத்தில், அதே துறையில் நம் ஊரிலேயே வேறு மாதிரியான ஒரு ஆய்வு நடந்தது.

திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லைலா ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் நடத்தியது. கிராமத்துத் தொண்டர்கள் ஒவ்வொரு வாரமும் வீடு வீடாகப் போனார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குச் சிறிய அளவில் வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ இரண்டும் கலந்த சொட்டு. இன்னொரு பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். யார் கையில் எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. 52 வாரங்கள். வைட்டமின் ஏ கிடைத்த பிரிவில் இறப்பு 54 சதவீதம் குறைவு. 1990-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது.

அதே ஆண்டு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவில் கொடுத்தார்கள். இறப்பில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நேபாளத்தில் 30 சதவீதம் குறைந்தது, கானாவில் 19 சதவீதம். 2013-ல் வெளியான உத்தரப் பிரதேசத்தின் பத்து லட்சம் குழந்தைகள் ஆய்வில் 4 சதவீதம்தான். சேலத்தில் பிறந்து இந்தியச் சத்துணவு ஆராய்ச்சியின் தலைமகனாக இருந்த சி.கோபாலன், எல்லாக் குழந்தைக்கும் பெரிய அளவு வைட்டமின் ஏ என்ற திட்டத்தையே கடைசிவரை எதிர்த்தார். கீரையையும் பழத்தையும் தட்டில் வையுங்கள் என்பதே அவர் வாதம்.

சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் சண்டை போட எல்லோர் கையிலும் தாள்கள் இருக்கின்றன. எந்தக் கிராமம், எத்தனை வீடு, யார் எந்த வாரம் போனார்கள் என்று கேட்டால் பதில் உண்டு. வேறு வேறு நாட்டில், வேறு வேறு கைகள் அதே சோதனையைச் செய்து பார்த்தன. திருச்சி ஆய்வு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்பதைவிட, எத்தனை பேர் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

பிழையே வராது என்பதில்லை. மத்தியதரைக்கடல் உணவு இதயத்துக்கு நல்லது என்று உலகுக்குச் சொன்ன ஸ்பெயினின் ‘பிரெடிமெட்’ ஆய்வில், ஆட்களைக் குழு பிரித்த விதத்தில் சில இடங்களில் தவறு நேர்ந்திருந்தது. ஆய்வாளர்களே 2018-ல் 2013 கட்டுரையைத் திரும்பப் பெற்று, தரவைத் திரும்பக் கணக்கிட்டு, அடக்கமான சொற்களில் மறுபடி வெளியிட்டார்கள். தரவு கையில் இருந்ததால் அது முடிந்தது.

‘எத்தனை ஸ்கோபஸ்?’

நம் கல்லூரி வளாகங்களில் இன்று அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஆய்விதழ்களையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் உங்கள் கட்டுரைகள் எத்தனை என்று பொருள். பதவி உயர்வா, நேர்காணலா, தரவரிசையா, எதற்கும் முதல் கேள்வி எத்தனை பேப்பர், எவ்வளவு சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் என்ன. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் நீக்கியது. ஆனாலும் தரவரிசைப் பட்டியலில் இடம்பிடிக்கக் கட்டுரைகளும் மேற்கோள்களும் வேண்டும் என்பதால் கல்லூரிகளின் நெருக்கடி குறையவில்லை. அதில் நசுங்குவது பெரும்பாலும் இளம் ஆய்வாளர்கள். கிராமத்தில் ஒரு வருடம் அலைந்து இருநூறு குழந்தைகளின் எடையும் உயரமும் எடுப்பவருக்கு ஒரு கட்டுரை தேறும். அறையில் உட்கார்ந்து பழைய கட்டுரைகளைக் கலக்கி எழுதுபவருக்கு அதே நேரத்தில் ஐந்து தேறும். கணக்குப் பட்டியலில் இரண்டாமவர் முன்னால் நிற்பார். சத்துணவுத் துறையில் இது வெறும் பதவிப் போட்டி அல்ல. அங்கன்வாடியில் எதைக் கொடுப்பது, கர்ப்பிணிக்கு எந்த மாத்திரை என்று தீர்மானிப்பவர்கள் கையில் கடைசியில் இந்தக் கட்டுரைகள்தான் போய்ச் சேர்கின்றன.

ஹார்வியின் காலத்தில் இல்லாத சில பாதுகாப்புகள் இன்று வந்திருக்கின்றன. மருத்துவச் சோதனை எதுவானாலும் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் அதற்கான பொதுப் பதிவேடு 2007-ல் தொடங்கி, 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், எப்போது தொடங்கினார்கள் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சேர்த்து முடிக்காத குழந்தைகளின் முடிவுகள் அச்சில் வந்தால், இன்று ஒரு வாசகருக்கே பொறி தட்டும்.

இன்னும் வராதது ஒன்று உண்டு. சந்திரா வெளியிட்ட இருநூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் திரும்பப் பெறப்பட்டவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் அளவில்தான் இருக்கின்றன. மற்றவை எப்படிப்பட்டவை, யார் சரிபார்ப்பது என்று ரிச்சர்ட் ஸ்மித் 2005-லேயே கேட்டார். பல்கலைக்கழகம் செய்யுமா, ஆய்விதழ் செய்யுமா, பணம் கொடுத்தவர் செய்வாரா என்று அன்று முடிவாகவில்லை. அந்தக் கட்டுரைகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன.

மெமோரியல் பல்கலைக்கழகம் பின்னாளில் ஆராய்ச்சி நெறிக்காக மேரிலின் ஹார்வி பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. நல்ல விஷயம். நம் பல்கலைக்கழகங்கள் அதைவிட எளிய ஒன்றைச் செய்யலாம். தரவு சேகரிக்கும் நர்ஸும் களப்பணியாளரும் துறைத் தலைவரைத் தாண்டி நேரடியாகப் புகார் சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும். புகார் வந்தால் விசாரணைக்கு ஒரு காலக்கெடு வேண்டும். விசாரணை முடிந்தால் அறிக்கை சம்பந்தப்பட்ட ஆய்விதழுக்கும் ஆய்வில் பங்கேற்ற குடும்பங்களுக்கும் போக வேண்டும். 1995-ல் இது நடந்திருந்தால், 20 ஆண்டுகள் முன்னதாகவே பிஎம்ஜே அந்தக் கட்டுரையின் தலையில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கும்.